யாருடைய சொந்தக் காரணம்?

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு நீங்கள் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால் அதன் இன்னொரு முகத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். அதற்கு வேலை நாளில், காலை பதினொரு மணிக்குப் போகவேண்டும். உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம், ஓய்வு பெற்ற பெரியவர்கள் ஒரு பக்கம். இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத சிலரும் ஆங்காங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஆபீசுக்குப் போகிறவர்களைப் போல உடுத்தியிருப்பார்கள். பக்கத்தில் சாப்பாட்டுப் பை இருக்கும். எதிரே ஒரு புத்தகம் திறந்திருக்கும். ஆனால் பக்கம் புரளாது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கட்டுரைக்காகத் தேதி ஒன்றைச் சரிபார்க்க அங்கே போன நான், அந்தச் சிலரில் ஒருத்தியாக என் கல்லூரித் தோழியைக் கண்டேன். பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷமாக உத்தியோகம் பார்த்து வந்தவள். கழுத்தில் கம்பெனியின் பெயர் போட்ட நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் இருக்கவேண்டிய அடையாள அட்டையைக் காணோம். நுனியைச் சுரிதார் துப்பட்டாவுக்குள் செருகி வைத்திருந்தாள்.

"என்னடி, இன்றைக்கு லீவா?" என்றேன்.

"ஆமாம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இல்லை" என்றாள்.

பிறகு சிற்றுண்டிச் சாலையில் ஆறிப்போன காப்பியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். அன்றோடு இருபத்து மூன்றாவது நாளாம். காலையில் வழக்கம்போல் எழுந்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மாமியார் கட்டிக் கொடுக்கும் டப்பாவை வாங்கிக்கொண்டு மடிப்பாக்கத்திலிருந்து புறப்பட்டுவிடுகிறாள். மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்புகிறாள். இடையில் உள்ள பொழுது இந்த நூலகத்தில் கழிகிறது. வேலை போன விஷயம் புருஷனுக்குத் தெரியாது, மாமியாருக்குத் தெரியாது. போகும்போது கொடுத்த இரண்டு மாதச் சம்பளம் பாங்கில் விழுந்துவிட்டதால் முதல் தேதியும் சந்தேகமில்லாமல் கடந்துவிட்டது.

"ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு வீட்டுக் கடன், தவணை என்று ஏதேதோ சொன்னாள். கடைசியில் உண்மை வந்தது. "எப்படிச் சொல்வேன்? அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னைத்தானே போகச் சொன்னார்கள்! என்னிடம் ஏதோ குறை இருந்துதானே இருக்கவேண்டும்?"

நேயர்களே, இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை போவது புதிதல்ல. ஆனால் போன பிறகும் "என்மேல்தான் தப்பு" என்று ஒருத்தியை இருபத்து மூன்று நாள் ஒளிந்து திரிய வைப்பது இருக்கிறதே, அது ஒரு நாளில் நடக்கிற காரியமல்ல. அதற்குப் பல வருஷப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியைச் சில கம்பெனிகள் சம்பளமும் கொடுத்து நடத்துகின்றன.

*

என் தோழியின் ஆபீசில் யாரும் யாரையும் திட்டியதில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். மேஜையைக் குத்தி, பைலை விட்டெறியும் பழைய காலத்து மானேஜரை நாம் கதைகளில் பார்த்திருக்கிறோம். அவர் தேவலை. அவர் கத்தினால், "மனுஷன் கத்துகிறான்" என்று நமக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சிரித்த முகம். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று சுவரிலேயே எழுதி மாட்டியிருந்தார்களாம்.

மாலை ஆறு மணிக்கு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தால், மேலதிகாரி, "என்ன, இன்றைக்கு அரை நாள் லீவா?" என்பார். வேடிக்கையாகத்தான். பக்கத்தில் உள்ளவர்களும் சிரிப்பார்கள். காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தவள், வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை காத்திருக்கிறவள், அந்தச் சிரிப்புக்குப் பயந்து மறுபடியும் உட்கார்ந்துவிடுவாள். அரை மணி நேரம் திரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்திருப்பாள். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் செய்தி வரும். "அவசரமில்லை, நாளைக்குப் பார்க்கலாம்" என்றே அதில் இருக்கும். ஆனால் மற்றவர்கள் அன்றிரவே பதில் போட்டுவிடுவார்கள். நாளைக்குப் பார்த்தவள் பின்தங்கியவள் ஆகிவிடுவாள்.

ஒரு சமயம் பிள்ளைக்கு ஜுரம் வந்து இரண்டு நாள் லீவு போட்டாள். மூன்றாம் நாள் போனபோது அவள் பார்த்துவந்த முக்கியமான வேலை வேறொருவர் கைக்குப் போயிருந்தது. "உங்களுக்குச் சிரமம் வேண்டாமே என்றுதான்" என்றார்கள், மிகுந்த அனுதாபத்தோடு. ஆறு மாதம் கழித்து வந்த மதிப்பீட்டில், "போதிய பொறுப்பு எடுத்துக்கொள்ளவில்லை" என்று எழுதியிருந்தது. எடுத்துக்கொண்ட பொறுப்பைப் பிடுங்கியவர்தான் அதை எழுதியவரும்.

இதையெல்லாம் எதிர்த்துக் கேட்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எதைக் கேட்பது? ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் அற்ப விஷயம். ஒரு சிரிப்பு, ஒரு செய்தி, ஓர் அனுதாபம். வக்கீலிடம் போய், "என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்" என்றா சொல்லமுடியும்?

ஒரே மேஜையில் டப்பாவைத் திறந்து வற்றல் குழம்பும் உருளைக்கிழங்குமாகப் பங்கு போட்டுச் சாப்பிட்ட சிநேகிதிகள்கூட மெல்ல மெல்ல மாறிப்போனார்களாம். தனக்குத் தெரிந்த வேலையை அடுத்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குற்றம் அந்தத் தராசினுடையது.

*

அது என்ன தராசு? நம் வீட்டு இட்லித் தட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஈடு இட்லி வேகவைத்து எடுக்கிறீர்கள். பத்து இட்லி. மாவு நல்ல பதம். பத்தும் பூப்போல வந்திருக்கின்றன. ஆனால் வீட்டில் ஒரு சட்டம். ஈட்டுக்கு இரண்டுதான் 'உயர்ந்தது' என்று சொல்லலாம், ஏழு 'சுமார்', ஒன்றை எப்படியாவது 'மட்டம்' என்று சொல்லித் தூக்கி எறிந்தே தீரவேண்டும். பத்தும் நன்றாக இருக்கிறதே என்றால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். "சரியாகப் பார்க்கவில்லை, மறுபடியும் பார்" என்பார்கள். நீங்களும் மறுபடி பார்க்கிறீர்கள். ஓர் இட்லியின் ஓரத்தில் துணி ஒட்டிய அடையாளம் தெரிகிறது. ஆஹா, அகப்பட்டது!

சிரிக்காதீர்கள். பெரிய பெரிய கம்பெனிகளில் ஆட்களை இப்படித்தான் தரம் பிரித்தார்கள். இன்னும் பிரிக்கிற இடங்கள் உண்டு. மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற ஒரு கோட்டைக் காகிதத்தில் போட்டு, அதற்குள் மனிதர்களைப் பொருத்துவதால் இதற்கு 'பெல் கர்வ்' என்று பெயர்.

இது அமெரிக்காவில் ஓங்கி வளர்ந்த செடி. 1981ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் தலைமைக்கு வந்த ஜாக் வெல்ச் என்பவர்தான் இதைப் பிரபலப்படுத்தினார். நூற்றுக்கு இருபது பேர் உயர்ந்தவர், எழுபது பேர் நடுத்தரம், பத்துப் பேர் கடைசி. அந்தப் பத்துப் பேர் போகவேண்டியதுதான். 1980 இறுதியில் அந்தக் கம்பெனியில் 4,11,000 பேர் இருந்தார்கள். 1985 இறுதியில் 2,99,000 பேர்தான். விற்கப்பட்ட பிரிவுகளோடு போனவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம் என்றாலும், மீதியே சில நாடுகளின் தலைநகரத்து ஜனத்தொகைக்குச் சமானம். கட்டடத்தை விட்டுவிட்டு மனிதர்களை மட்டும் அழிக்கும் நியூட்ரான் குண்டை நினைத்து, பத்திரிகைக்காரர்கள் அவருக்கு 'நியூட்ரான் ஜாக்' என்று பட்டம் சூட்டினார்கள். பங்கு விலை ஏறியதால் உலகமே அவரைப் பார்த்துக் காப்பியடித்தது.

காப்பியடித்தவர்களில் முதல் மாணாக்கன், ஹூஸ்டன் நகரத்து என்ரான் கம்பெனி. நம் மகாராஷ்டிரத்துத் தாபோலில் மின்சார நிலையம் கட்டவந்து பெரிய சர்ச்சையில் சிக்கியதே, அதேதான். அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை தரம் பிரிப்பார்கள். கடைசியில் நிற்பவர்கள் தலைக்கு மேல் கத்தி. மரியாதை, நேர்மை, கலந்துபேசுதல், உயர்தரம் என்று நான்கு சொற்களைக் கம்பெனியின் கொள்கையாக ஊரெல்லாம் பறைசாற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயோ, தப்புக் கணக்கைத் தப்பு என்று சொல்லுகிறவன் கடைசிக்குத் தள்ளப்படுவான் என்ற பயம். அதனால் பெரும்பாலோர் சொல்லவில்லை.

ஒரு பெண் சொன்னாள். உதவித் தலைவர் பதவியில் இருந்த ஷெரான் வாட்கின்ஸ், 2001 ஆகஸ்டில் கம்பெனித் தலைவர் கென்னத் லேக்குக் கணக்கு மோசடியைப் பற்றிக் கடிதம் எழுதினார். முதலில் கையெழுத்துப் போடாமல்தான் எழுதினார் என்பதைக் கவனியுங்கள். அத்தனை பெரிய பதவியில் இருந்தவருக்கே கையெழுத்துப் போடப் பயமாக இருந்தது! அந்தக் கடிதத்தால் கம்பெனி திருந்திவிடவில்லை. 2001 டிசம்பர் 2ஆம் தேதி என்ரான் திவால் மனு கொடுத்தது. மறுநாளே சுமார் 4,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அவர்கள் வெளியே வந்த காட்சியை உலகம் முழுவதும் டெலிவிஷனில் பார்த்தது. 2000ஆம் ஆண்டில் 90 டாலர் விற்ற பங்கு ஒரு டாலருக்கும் கீழே விழுந்திருந்தது. முதுமைக்கென்று சேர்த்த பணத்தை அந்தப் பங்கிலேயே போட்டு வைத்திருந்தவர்களுக்கு வேலையும் போயிற்று, சேமிப்பும் போயிற்று.

அந்த 4,000 பேரும் மட்டமான இட்லிகளா, சொல்லுங்கள்! வருஷத்துக்கு இரண்டு தடவை சலித்துச் சலித்து நிறுத்திக்கொண்ட முதல்தரமான ஆட்கள் அல்லவா அவர்கள்?

2013ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் இந்தத் தராசைத் தூக்கிப் போட்டது. ஜெனரல் எலெக்ட்ரிக்கே பிற்பாடு இதைக் கைவிட்டது. மூலவர் கோயிலில் பூஜை நின்ற பிறகும் உற்சவர் வேறு ஊர்களில் உலா வந்துகொண்டுதான் இருக்கிறார்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், என் தோழி விஷயத்தில் எது முந்தி, எது பிந்தி என்று உங்களுக்குத் தெரியவேண்டும். எத்தனை பேர் போகவேண்டும் என்ற எண்ணிக்கை முதலில் எங்கோ தீர்மானமாகிறது. அதற்குப் பிறகுதான் பெயர்களைத் தேடுகிறார்கள். பெயர் கிடைத்த பிறகு அந்தப் பெயருக்கு ஒரு குறையைத் தேடுகிறார்கள். அவளோ இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருந்தாள். தன்னிடம் குறை இருந்தது, அதனால் பெயர் வந்தது, அதனால் வேலை போயிற்று என்று.

*

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு, "ஐந்து நிமிஷம் வரமுடியுமா?" என்று கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட சின்ன அறை. மேலதிகாரியும், ஆள் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை மேல் முகம் துடைக்கும் காகிதப் பெட்டி ஒன்று, புதிது, பிரிக்கத் தயாராக இருந்தது. "நான் அழுவதற்கு முன்பே துடைப்பதற்கு ஏற்பாடு ஆகியிருந்தது" என்றாள் தோழி.

ஒரு காகிதத்தை நீட்டினார்கள். அவளே எழுதியதுபோல அவர்கள் அச்சடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதம். 'எனது சொந்தக் காரணங்களை முன்னிட்டு' என்று ஆரம்பித்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளமும் நல்ல சான்றிதழும் உண்டு. போடாவிட்டால் வேலைநீக்கம் என்று பதிவாகும், பிறகு எந்தக் கம்பெனியும் உங்களைத் திரும்பிப் பார்க்காது என்று மிக மரியாதையாக எடுத்துச் சொன்னார்கள். யோசிக்க ஒரு நாள் கேட்டாள். முடியாதென்றார்கள். வீட்டுக்குப் பேசவேண்டும் என்றாள். கைப்பேசி அவளுடைய இருக்கையில் இருந்தது. முதலில் இது முடியட்டும் என்றார்கள்.

கடிதத்தில் அவளுடைய தலைப்பெழுத்து தப்பாக இருந்தது. அதைச் சுட்டிக் காட்டினாள். "சாரி மேடம்" என்று சொல்லி, அந்தச் சின்னப் பெண் ஓடிப்போய்த் திருத்தி அச்சடித்துக் கொண்டுவந்தாள். என் தோழி அதை ஒரு தடவை படித்துப் பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது என்று சொல்லி, கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு வருஷ உத்தியோகம் முடிய நாற்பது நிமிஷம் ஆயிற்று. அட்டையை வாங்கிக்கொண்டார்கள், நாடாவைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். வாசல் வரை ஒரு காவலாளி கூட வந்தார். தீபாவளிதோறும் இவளிடம் பட்சணப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறவர். இவள் முகத்தைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு, "பார்த்துப் போங்கம்மா" என்றாராம். அன்று முழுவதும் அவளிடம் மனுஷத்தனமாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

*

சட்டம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், அம்மணி! உங்கள் வீட்டிலும் கழுத்தில் நாடா போட்டுக்கொண்டு போகிற பெண்ணோ பிள்ளையோ இருப்பார்கள்.

தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வக்கீல் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டது, "கையெழுத்துப் போட்டாச்சா?" என்பதுதான். அந்த ஒரு காகிதத்தில்தான் சூட்சுமமெல்லாம் இருக்கிறது. ஆட்குறைப்பு என்றால் சட்டம் உள்ளே வரும். 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டப்படி, ஒரு வருஷமாவது வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்யும்போது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் கொடுக்கவேண்டும். பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடாகத் தரவேண்டும். அதே வகை வேலையில் கடைசியாக வந்தவரை முதலில் அனுப்புவதுதான் பொது விதி. மாற்றினால் காரணத்தை எழுதி வைக்கவேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. அதிலும் இந்த விதிகள் உண்டு. போதாததற்கு, வேலை இழந்தவர் புதுத் தொழில் பழகப் பதினைந்து நாள் சம்பளம் என்று ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள்.

"கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்கள் தொழிலாளிகளா?" என்று கேட்பீர்கள். கம்பெனிகளும் அதையேதான் கேட்கின்றன. நிர்வாகம் பண்ணுகிறவர்கள் இதில் வரமாட்டார்கள். ஒரு வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வரமாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன பட்டம் போட்டிருக்கிறது என்பதை வைத்து இதைத் தீர்மானிப்பதில்லை. அன்றாடம் என்ன வேலை செய்தார் என்பதுதான் கேள்வி. இந்தக் காலத்தில் பியூனைத் தவிர எல்லாருக்கும் மானேஜர் பட்டம் கொடுத்துவிடுகிறார்கள் அல்லவா!

ஆனால், 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு' நீங்களே போனால்? ஆட்குறைப்பே நடக்கவில்லை. நோட்டீஸ் இல்லை, நஷ்ட ஈடு இல்லை, காரணம் எழுதிவைக்க வேண்டியதில்லை. கம்பெனியின் காரணம், ஒரு கையெழுத்தில், உங்கள் சொந்தக் காரணம் ஆகிவிடுகிறது. ஐந்து வருஷம் பூர்த்தியானவருக்குக் கிராஜுவிட்டி மட்டும் ராஜினாமா செய்தாலும் உண்டு. அதைக் கம்பெனி தன் தாராள மனசால் கொடுப்பதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

கையெழுத்துப் போடாமல் போராடியவர்களும் நம் ஊரில் உண்டு. 2014 டிசம்பரில் டி.சி.எஸ். கம்பெனியில் பலரை அனுப்பியபோது, சென்னையில் வேலை பார்த்த ஒரு கர்ப்பிணிப் பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கம்பெனியும் அந்தப் பெண்ணை நீக்கிய உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. பிரசவ விடுமுறையில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்திலேயே இருந்தது; இப்போதைய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இருக்கிறது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். அந்த அறையில், "படித்துப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட்டால் யாரும் கையைப் பிடித்து இழுக்க முடியாது. அப்படியே கையெழுத்துப் போட்டுவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ, என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று தேதி, நேரத்தோடு கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட வேண்டும். நாள் ஆக ஆக, 'சொந்தக் காரணம்' உண்மையாகவே சொந்தக் காரணமாக இறுகிவிடும்.

என் தோழி இருபத்து மூன்று நாளைக் கடத்திவிட்டிருந்தாள்.

*

அன்று நூலகத்தில் அவள் முன்னே திறந்திருந்த புத்தகம் ஒரு நாவல். பன்னிரண்டாம் பக்கம். முதல் நாள் எடுத்ததும் அதே நாவல்தானாம். இருபத்து மூன்றாம் நாளும் பன்னிரண்டாம் பக்கம்தான். "படிக்க நேரமில்லையே என்று பதினோரு வருஷம் ஏங்கினேன். இப்போது நேரம்தான் இருக்கிறது. ஓர் எழுத்து ஏறவில்லை" என்றாள்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்த ஒரே பஞ்சாலை 1929-30இல் மூடப்பட்டு, கிட்டத்தட்ட ஊர் முழுவதுக்கும் வேலை போயிற்று. மரீ யஹோடா என்ற இளம்பெண்ணும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே போய், வேலையில்லாத மனிதர்கள் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். 1933இல் அது புத்தகமாக வந்தது. வேலை இல்லாதபோது ஜனங்கள் நூலகத்தில் அதிகம் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இரண்டே வருஷத்தில் நூலகத்திலிருந்து எடுத்துப் போகும் புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டதாம். ஆண்கள் தெருவில் மெள்ள நடந்தார்கள், அங்கங்கே நின்றார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை இருந்ததால் வேகமாக நடந்தார்கள். அப்படி வீட்டில் வேலை மண்டிக்கிடந்த பெண்களே, மறுபடியும் ஆலைக்குப் போகலாமானால் தேவலை என்றார்களாம். சம்பளத்துக்காக மட்டும் அல்ல, நாலு மனிதர்களோடு இருப்பதற்காக.

இதைச் சொன்னபோது என் தோழி முதல்தடவையாகச் சிரித்தாள். "அப்படியானால் எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லையா இது?" என்றாள்.

அன்று மாலை அவளோடு நானும் மடிப்பாக்கத்துக்குப் போனேன். தனியாகச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றாள். புருஷன் இன்னும் வரவில்லை. மாமியார் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அத்தை, உங்களிடம் ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

"வேலை போயிடுச்சு, அதானே? உட்காரும்மா" என்றார் அந்த அம்மாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளோ அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"பதினோரு வருஷமா காய்ஞ்சுபோன டப்பாவைத்தான் நான் ஊறவெச்சுத் தேய்ச்சிட்டிருந்தேன். மூணு வாரமா டப்பா பளிச்சுனு கழுவி வருது. ஆபீஸ்ல உனக்கு ஏதும்மா அவ்வளவு நேரம்?"

பிறகுதான் பழைய கதை வந்தது. அவருடைய புருஷன் வடசென்னையில் ஒரு பெரிய ஆலையில் இருந்தவராம். ஆலையை மூடிய பிறகும் இரண்டு மாதம் தினம் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், பூட்டிய கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வருவாராம். அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் இந்த அம்மாளுக்குத் தெரிந்தது. "நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. ஆம்பளை மானம் போயிடுமேன்னு பேசாம இருந்துட்டேன். அந்த ரெண்டு மாசத்துல வந்த சர்க்கரை வியாதிதான், கடைசி வரைக்கும் விடல. அதனாலதான் உன்னை இந்த வெள்ளிக்கிழமை கேட்டுடணும்னு இருந்தேன்."

அந்த ஆலையிலாவது வாசலில் ஆயிரம் பேர் ஒன்றாக நின்றார்கள். சங்கம் இருந்தது, கொடி இருந்தது. கண்ணாடி அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்பும்போது, பக்கத்து இருக்கைக்காரிக்கே மறுநாள்தான் தெரிகிறது.

மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ராஜினாமாக் கடிதத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். தோழி படித்தாள். முதல் வரியிலேயே அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சொந்தக் காரணம்னா? உனக்கு என்னம்மா சொந்தக் காரணம்?"

அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அறையில் வராத அழுகை அப்போது வந்தது.

அன்றிரவு புருஷன் வந்ததும் மூன்று பேருமாக உட்கார்ந்தார்கள். அவருக்கு வேலை போனதைவிட, தன்னிடம் மறைத்ததுதான் தாங்கவில்லை. கொஞ்சம் சத்தமும் போட்டார். பிறகு, கம்பெனியின் இன்ஷூரன்ஸ் நின்றுபோயிருக்குமே, அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வேறு ஏற்பாடு பண்ணவேண்டுமே என்று அவர்தான் முதலில் நினைவுபடுத்தினார். மறைத்து வைத்ததில் இந்த ஒரு மாதம் வீணாகியிருந்தது. பாங்குக்குப் போய்த் தவணையைப் பற்றிப் பேசினார்கள். பிள்ளையின் நீச்சல் வகுப்பு நின்றது. காரை விற்றுவிட்டார்கள்.

மறுநாளே கம்பெனிக்கு எழுதினாள். தலைப்பெழுத்தைத் திருத்திக் கொடுத்தது வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினாள். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனுவும் கொடுத்திருக்கிறாள். இரண்டு தடவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்; இரண்டு தடவையும் கம்பெனித் தரப்பில் வாய்தா வாங்கிவிட்டார்கள். என்ன ஆகுமோ தெரியாது. வக்கீலும் நம்பிக்கை கொடுக்கவில்லை, பறிக்கவும் இல்லை. அவளோடு அதே வாரத்தில் அனுப்பப்பட்ட ஆறு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். ஆறு பேரிடமும் அதே வாசகம் கொண்ட கடிதம் இருந்தது. ஆறு பேரும் இவளைப் போலவே தன்னிடம்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வேளச்சேரியில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து பொழுது போக்கியவராம்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்தில் பேட்டி நடந்திருக்கிறது. ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்களாம். "விடவில்லை, அனுப்பினார்கள்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். அதில் ஓர் இடத்திலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன வாரம் கோட்டூர்புரத்தில் அவளைப் பார்த்தேன். இப்போது வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வருகிறாள்; கழுத்தில் நாடா இல்லை. அந்த நாவலை ஒருவழியாகப் படித்து முடித்துவிட்டாளாம். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"சுமார்தான். பன்னிரண்டாம் பக்கம் வரைக்கும் நன்றாக இருந்தது" என்றாள்.